வெள்ளைச்சிக்கு என்ன சாப்பாடு?

மும்பையில் தாராவி. அங்கே 90 அடி சாலையை ஒட்டி ஒரு சந்து. விடியற்காலை மூன்று மணிக்கே அந்தச் சந்தில் இட்லி அவியும் மணம் வந்துவிடும். ஆறு மணிக்கு இட்லிக்காரர்கள் தலையில் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டு விடுவார்கள். ரயில் நிலைய வாசல், அலுவலக வாசல், கட்டட வேலை நடக்கும் இடம் என்று ஊர் முழுக்கப் போவார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் பல இந்தத் தொழிலைச் செய்கின்றன.

பேச்சியம்மாளும் இட்லிதான் அவிக்கிறார். வயது 58. மகன் கொண்டுபோய் விற்கிறான். மருமகள் சட்னி அரைக்கிறாள். பேத்தி செல்வி எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பேச்சியம்மாள் சின்ன வயதில் பள்ளிக்கூடம் போனதில்லை. ஐம்பது வயதுக்கு மேல்தான் எழுத்துக் கற்றார். இப்போது தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பார். ஆனால் கணக்கை அவருக்கு யாரும் கற்றுத் தர வேண்டியிருக்கவில்லை. எத்தனை கிலோ அரிசிக்கு எத்தனை கிலோ உளுந்து, எத்தனை இட்லி விற்றால் எவ்வளவு கையில் நிற்கும் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில்.

அந்த வீட்டில் இன்னோர் ஆளும் உண்டு. அது ஒரு பூனை. பெயர் வெள்ளைச்சி. அரிசி மூட்டைக்கும் உளுந்து மூட்டைக்கும் அதுதான் காவல். எலி ஒரு மூட்டையைக் கடித்தால் கீழே சிந்துகிற அரிசி மட்டுமா நஷ்டம்? எலியின் மூத்திரம் பட்ட அரிசியைச் சமைக்க முடியாது. எலிக் காய்ச்சல் என்ற ஒன்றும் இருக்கிறது. 2005 ஜூலை 26 அன்று மும்பையில் பெருமழை பெய்தது. சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர். வெள்ளம் வடிந்த பிறகு எலிக் காய்ச்சல் பரவியது. அந்த நாள்களைப் பார்த்தவர்கள் எலி என்றால் சும்மா விடமாட்டார்கள்.

தோளில் விழுந்த பொடுகு

மார்கழி மாதம். வெள்ளைச்சி செல்வியின் மடியில் படுத்து எழுந்து போனது. செல்வியின் கறுப்புப் பாவாடையில் வெள்ளை வெள்ளையாய்ச் செதில்கள். தேங்காய்த் துருவலை உதிர்த்தது போல் கிடந்தன. பேச்சியம்மாள் பூனையின் முதுகை விரித்துப் பார்த்தார். தோல் வறண்டு கிடந்தது. மயிரில் பளபளப்பு இல்லை. தொட்டால் வைக்கோல் மாதிரி இருந்தது.

பக்கத்து வீட்டுச் சண்முகத்தாய் பார்த்துவிட்டாள்.

"மதினி, பூனைக்குப் படை வந்திருக்கு. புள்ளைகளுக்கு ஒட்டிக்கிடும். இட்லி அவிக்கிற வீட்ல இது நல்லாவா இருக்கு?"

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் சந்தில் பேச்சு பரவிவிட்டது. மறுநாள் வழக்கமாய் வருகிற இரண்டு பேர் இட்லி வாங்க வரவில்லை. மகன் கோபத்தில் சொன்னான்: "அம்மா, சாக்குல கட்டி மாஹிம் பக்கம் கொண்டு விட்டுட்டு வாரேன். பூனை முக்கியமா, பொழப்பு முக்கியமா?"

செல்வி அழுதாள். பேச்சியம்மாள், "ஒரு வாரம் பொறு" என்றார்.

அந்த ஒரு வாரத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னார் ஒருவர். வேப்பெண்ணெய் என்றார் இன்னொருவர். மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கச் சொன்னார் மூன்றாவது ஆள். கோழிக்கறிக் கடைக்குப் பக்கத்தில் பிராணிகளுக்குத் தீனி விற்கிற கடை ஒன்று உண்டு. அந்தக் கடைக்காரர் ஒரு பையை எடுத்துக் காட்டினார். பையில் பளபளவென்று மின்னும் பூனையின் படம்.

"ஆச்சி, தோலுக்கும் மயிருக்கும்னே ஸ்பெஷலா வந்தது. 400 கிராம், 640 ரூபாய்."

பேச்சியம்மாள் மனத்துக்குள் கணக்குப் போட்டார். 400 கிராம் 640 என்றால் ஒரு கிலோ 1,600 ரூபாய்! "நாளைக்கு வாரேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

முதலில் காரணம் தெரிய வேண்டும்

ஒருநாள் வியாபாரத்தை மருமகளிடம் விட்டுவிட்டு, கூடையில் வெள்ளைச்சியை வைத்து மூடிக் கட்டிக்கொண்டு, பாட்டியும் பேத்தியும் பரேலுக்குப் போனார்கள். அங்கே பாய் சக்கர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனை இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிற மருத்துவமனை. மாடு, குதிரை, நாய், பூனை, பறவை எல்லாவற்றையும் அங்கே பார்க்கிறார்கள்.

மருத்துவர் ஒரு பெண். மராத்திக்காரர். பேச்சியம்மாளை "மாவுஷி" என்று கூப்பிட்டார். மராத்தியில் அம்மாவின் உடன்பிறந்தவளை அப்படித்தான் அழைப்பார்கள். பேச்சியம்மாளுக்குக் கடைத்தெரு இந்தி தெரியும். புரியாததைச் செல்வி சொன்னாள்.

"சாப்பாட்டைப் பற்றி அப்புறம் பேசுவோம் மாவுஷி. தோல் வறண்டு செதில் கொட்டுவதற்குப் பல காரணங்கள் உண்டு. சாப்பாடு அதில் ஒன்றுதான்" என்றார் மருத்துவர்.

அவர் ஒரு நுண்ணிய பல் சீப்பை எடுத்துப் பூனையின் முதுகிலும் வாலடியிலும் சீவினார். சீப்பில் வந்ததை நனைந்த வெள்ளைத் தாளில் தட்டினார். கறுப்புத் துகள்கள் ஈரத்தில் கரைந்து செங்காவி நிறமானால் அது தெள்ளுப்பூச்சியின் கழிவு. பூனையிடம் குடித்த இரத்தம்தான் அப்படிக் கரைகிறது. இந்தச் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். வெள்ளைச்சியின் தாளில் இரண்டே துகள்கள் கரைந்தன. அந்த அளவுக்கு இவ்வளவு செதில் கொட்டாது.

உதிர்ந்த செதில்களை உற்றுப் பார்த்தார். சில பூனைகளுக்குச் செதில் தானாக நகர்வது போலத் தெரியும். அது செதில் அல்ல, கண்ணுக்கு எட்டியும் எட்டாத பூச்சி. இங்கே எதுவும் நகரவில்லை.

பிறகு அறையை இருட்டாக்கி ஒரு நீல ஒளி விளக்கைப் பிடித்தார். சில வகைப் படை இருந்தால் மயிர் பச்சையாய் ஒளிரும். ஒளிரவில்லை. எல்லாப் படையும் இந்த விளக்கில் தெரியாது. அதனால் நாலு மயிரைப் பிடுங்கி நுண்ணோக்கியிலும் பார்த்தார். வட்ட வட்டமாய் மயிர் கொட்டியிருக்கிறதா என்று காது, முகம், கால் எல்லாம் தேடினார்.

"படை இருக்கிற அடையாளம் இல்லை. இருந்திருந்தால் உங்கள் பக்கத்து வீட்டம்மா பயந்தது நியாயம். படை மனிதருக்கும் ஒட்டும். குழந்தைகளுக்குச் சீக்கிரம் ஒட்டும்" என்றார்.

அடுத்துக் கேள்விகள்.

"குளிப்பாட்டுகிறீர்களா?"

செல்வி பெருமையாய்ச் சொன்னாள்: "வாரம் ஒரு தடவை. இட்லிக் கடை வீடுல்ல? துணி சோப்புப் போட்டு நல்லாத் தேய்ச்சுக் குளிப்பாட்டுவேன்."

மருத்துவர் சிரித்தார். பூனை தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். துணி சோப்பு தோலில் இருக்கும் எண்ணெய்ப் பசையை எல்லாம் எடுத்துவிடும். ஆக, ஒரு காரணம் சோப்பு.

"என்ன சாப்பிடுகிறது?"

"காலையில இட்லியும் பாலும். மத்தியானம் சோறும் மோரும். ராத்திரி இட்லியும் பாலும்."

"எலி பிடிக்கிறதா?"

பேச்சியம்மாள் தயங்கினார். "முன்னே பிடிக்கும். இப்போ நாலு மாசமா ராத்திரியில கட்டிப் போடுதோம். சந்துல எலி மருந்து வச்சிருக்காவ. மருந்து தின்ன எலியை இது தின்னா இதுவும் செத்துப் போகும்லா?"

அவர் செய்தது சரிதான். மருந்து தின்ற எலியைத் தின்று பூனைகள் சாவது உண்டு. ஆனால் அந்த நாலு மாதமாக வெள்ளைச்சிக்கு எலி இல்லை. அதற்கு முன்பு இட்லியும் பாலும் தின்றாலும் இரவில் பிடித்த எலியிலிருந்து உடம்புக்கு வேண்டியது கிடைத்துவந்தது. எலி நின்றது. இட்லி மட்டும் மிஞ்சியது.

பூனை நாயும் அல்ல, மனிதரும் அல்ல

மனிதர் சோறு, பருப்பு, காய்கறி சாப்பிட்டு வாழலாம். நாய்கூடப் பலவற்றையும் தின்று சமாளித்துக்கொள்ளும். பூனையின் உடம்பு அப்படி இல்லை. அது இறைச்சி தின்று வாழ்வதற்கென்றே அமைந்த உடம்பு. நாம் கேரட்டிலிருந்து வைட்டமின் ஏ-யை உண்டாக்கிக்கொள்கிறோம். பூனையால் முடியாது. தோலுக்கு வேண்டிய ஒரு வகைக் கொழுப்பைச் சமையல் எண்ணெயிலிருந்து நம் உடம்பு தயாரித்துக்கொள்ளும். பூனையின் உடம்பு அதைப் போதிய அளவு தயாரிக்காது. அந்தக் கொழுப்பு இறைச்சியிலோ மீனிலோ இருந்துதான் வர வேண்டும்.

டாரின் என்று ஒரு சத்து. அது மீனிலும் இறைச்சியிலும் இருக்கிறது. அரிசியில் இல்லை. பாலில் மிகக் குறைவு. 1975-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒன்றைக் கண்டார்கள். பாலிலிருந்து எடுக்கும் கேசீன் என்ற புரதத்தையே புரதமாகக் கொடுத்து வளர்த்த பூனைகளுக்குக் கண்ணின் விழித்திரை கெட்டது. காரணம் டாரின் இல்லாததுதான். 1987-இல் இன்னொரு ஆய்வு வந்தது. டாரின் குறைந்தால் பூனையின் இதயமும் வீங்கித் தளர்கிறது என்று அதில் தெரிந்தது. அதன் பிறகுதான் தீவனக் கம்பெனிகள் பூனைத் தீனியில் டாரின் அளவைக் கூட்டின.

மயிர் என்பது கிட்டத்தட்ட முழுவதும் புரதம். பூனைக்கு உடம்பு முழுக்க மயிர். அது நாள்தோறும் வளர்ந்து உதிர்ந்துகொண்டே இருக்கும். சாப்பாட்டில் புரதமும் கொழுப்பும் குறைந்தால் உடம்பு முதலில் கையை விரிப்பது மயிருக்கும் தோலுக்கும்தான். இதயத்துக்குக் கொடுத்து மிச்சம் இருந்தால்தானே தோலுக்கு!

"அப்போ பால்?" என்று கேட்டார் பேச்சியம்மாள். பூனை என்றாலே பால் என்றுதானே எல்லாரும் சொல்கிறோம்?

குட்டிக்குத் தாய்ப்பால் வேண்டும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிக்காது. வயிற்றால் போகும். சோறு விஷமல்ல. ஆனால் வயிற்றை நிரப்பிவிட்டு வேண்டியதைக் கொடுக்காது.

மருத்துவர் பூச்சி மருந்து கொடுத்தார். தெள்ளுப்பூச்சிக்குக் கழுத்தில் விடும் சொட்டு மருந்தும் கொடுத்தார். "இது பூனைக்கு உள்ளது. நாய்க்கு விற்கிற தெள்ளுப் பொடியையோ சொட்டையோ போட்டுவிடாதீர்கள். அதில் பெர்மெத்ரின் இருக்கலாம். பூனையை அது கொன்றுவிடும்" என்றார். வேப்பெண்ணெய், மண்ணெண்ணெய், பினாயில் எதுவும் பூனைமேல் படக் கூடாது. மேலே பட்டதை எல்லாம் பூனை நக்கி விழுங்கிவிடும். காய்ச்சல் மாத்திரையான பாராசிட்டமாலைப் பூனைக்குக் கொடுக்கவே கூடாது. ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். அன்பினால் கொடுத்துக் கொன்றவர்கள் உண்டு.

பையின் முன்பக்கமும் பின்பக்கமும்

"அந்த 640 ரூபாய்ப் பையை வாங்கட்டுமா?" என்று கேட்டார் பேச்சியம்மாள்.

"சில பூனைகளுக்குக் கோழியோ மீனோ ஒத்துக்கொள்ளாது. அவற்றுக்குத் தனித் தீனி தேவைப்படும். வெள்ளைச்சிக்கு அந்தக் குறை இருப்பதாகத் தெரியவில்லை. அதற்கு இத்தனை நாள் முழுச் சாப்பாடே கிடைக்கவில்லை. சாதாரண முழுச் சாப்பாடு போதும். பையின் முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள். பின்பக்கத்தைப் படியுங்கள்."

மறுநாள் பாட்டியும் பேத்தியும் கடைக்குப் போனார்கள். பையில் ஆங்கிலம். செல்வி எழுத்தைப் படித்தாள். எண்ணைப் பேச்சியம்மாள் படித்தார்.

முதலில் பார்க்க வேண்டியது ஒரு சொல். 'கம்ப்ளீட்' என்று போட்டிருக்க வேண்டும். அப்படியென்றால் அது மட்டுமே கொடுத்தாலும் பூனைக்குப் போதும். சில பைகளில் 'காம்ப்ளிமெண்டரி' என்று இருக்கும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும். பொருள் வேறு. அது துணைத் தீனி, தின்பண்டம் மாதிரி. அதை மட்டும் கொடுத்து வளர்க்க முடியாது. செல்வியே முதல் தடவை ஏமாந்தாள். இரண்டாம் தடவை எழுத்தெழுத்தாகப் படித்தாள்.

அடுத்து, எந்தப் பிராணிக்கு? எந்த வயதுக்கு? நாய்த் தீனி விலை குறைவு. ஆனால் அதில் பூனைக்குப் போதிய புரதம் இருக்காது, டாரினும் இருக்க வேண்டும் என்பதில்லை. மாதக் கணக்கில் கொடுத்தால் பூனை நோயாளியாகும்.

அடுத்து, என்னென்ன சேர்ந்திருக்கிறது? எது அதிக எடையோ அதை முதலில் எழுதுவார்கள். கோழி, மீன் போன்றவை முதலில் வந்தால் நல்லது. சோளம், கோதுமை, அரிசி என்று வரிசையாய் வந்து அப்புறம் எங்கோ கோழி எட்டிப் பார்த்தால் யோசிக்க வேண்டும். டாரின் என்ற பெயர் இருக்கிறதா என்றும் தேட வேண்டும்.

பிறகு எண்கள். அமெரிக்காவின் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கம் வளர்ந்த பூனைக்கு ஒரு கீழ் அளவு வைத்திருக்கிறது. ஈரம் நீக்கிய தீனியில் 100-க்கு 26 பங்கு புரதம், 9 பங்கு கொழுப்பு. ஈரம் நீக்கிய என்பதைக் கவனிக்க வேண்டும். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

கடையில் இரண்டு சரக்கு இருந்தன. ஒன்று உலர் தீனி. 'புரோட்டீன் 30, ஃபேட் 10, மாய்ஸ்சர் 10' என்று இருந்தது. மாய்ஸ்சர் என்றால் ஈரம். 100 கிராமில் 10 கிராம் தண்ணீர். மிச்சம் 90 கிராமில் 30 கிராம் புரதம். அப்படியானால் 100-க்கு 33.

இன்னொன்று குழம்புத் தீனி, சின்னப் பொட்டலம். 'புரோட்டீன் 8, மாய்ஸ்சர் 80'. எட்டுதானா என்று செல்வி உதட்டைப் பிதுக்கினாள். பேச்சியம்மாள் சொன்னார்: "ஏட்டி, தண்ணியைக் கழி. 100-ல 80 தண்ணி. மிச்சம் 20. 20-க்கு 8-ன்னா 100-க்கு எத்தனை?" நாற்பது! புரதம் அதில்தான் அதிகம். ஆனால் காசு கொடுத்து வாங்குவதில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். மாவில் தண்ணீர் கூட்டுகிற கணக்குத் தெரிந்தவருக்கு இது புதிதா என்ன?

கடைசியாகத் தேதி. எப்போது செய்தது, எப்போது வரை நல்லது என்று பார்க்க வேண்டும். கடையில் ஒரு பெரிய சாக்கைத் திறந்து சில்லறையாகப் பாலித்தீன் பையில் கட்டி வைத்திருந்தார்கள். கிலோ 180 ரூபாய். விலை இழுத்தது. ஆனால் அதில் தேதி இல்லை, எண் இல்லை, யாருடைய தீனி என்ற பெயரும் இல்லை. திறந்து காற்றுப் பட்ட தீனியில் கொழுப்புச் சிக்கடித்துவிடும். பழைய முறுக்கின் சிக்கு வாடைதான் அதற்கும். சிக்கடித்த கொழுப்பில் தோலுக்கு வேண்டியது செத்துப் போயிருக்கும். தோலுக்காக வாங்குபவர்கள் அதை வாங்கக் கூடாது.

ஒரு நாளைக்கு எவ்வளவு?

பை விலையை வைத்து மலிவு, கொள்ளை விலை என்று சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகிறது என்று பார்க்க வேண்டும். அதற்குப் பூனையின் எடை தெரிய வேண்டும். செல்வி மருந்துக்கடை எடை மேடையில் தனியாக ஏறினாள். 38 கிலோ. பிறகு வெள்ளைச்சியைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். 41 கிலோ 500 கிராம். வெள்ளைச்சி மூன்றரைக் கிலோ.

இந்த எடையுள்ள, வீட்டோடு இருக்கிற பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 200 கலோரி போதும். உலர் தீனி என்றால் சுமார் 55 கிராம். இனிக் கணக்கு. விலைகள் அந்தக் கடையில் அன்றைக்குச் சொன்னவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

தோல் ஸ்பெஷல் பை 400 கிராம். ஒரு வாரம் வரும். 640-ஐ 7-ஆல் வகுத்தால் நாளுக்கு 91 ரூபாய்.

குழம்புப் பொட்டலம் 80 கிராம், 45 ரூபாய். நாளுக்கு மூன்று வேண்டும். 135 ரூபாய். சின்னப் பொட்டலம், சின்ன விலை என்று நினைத்தால் இதுதான் எல்லாவற்றிலும் அதிகம்!

சாதாரண முழுத் தீனி 1 கிலோ 200 கிராம் பை, 450 ரூபாய். 21 நாள் வரும். நாளுக்கு 22 ரூபாய்க்குள்.

பேச்சியம்மாள் மூன்றாவதை எடுத்தார்.

ஆனால் மருத்துவர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். தோலுக்கு மீன் கொழுப்பு நல்லது. அதற்கு மலிவான வழி சாளை மீன். மும்பை மீன்காரப் பெண்கள் அதைத் 'தார்லி' என்பார்கள். சில ஊர்களில் மத்தி. கிலோ 160 ரூபாய். வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு இரண்டு மீன். அந்த நாளில் உலர் தீனியைப் பாதியாக்கிவிட வேண்டும்.

மீனை உப்பு, மிளகாய், மஞ்சள் எதுவும் போடாமல் தண்ணீரில் அவிக்க வேண்டும். குழம்பில் கிடந்த மீனைக் கொடுக்கக் கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும். பச்சையாகவும் கொடுக்கக் கூடாது. சாளை போன்ற சில மீன்களில் பச்சையாக இருக்கும்போது ஒரு பொருள் உண்டு. அது வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். அவித்தால் அந்தப் பொருள் கெட்டுப் போகும். நடுமுள்ளை எடுத்துவிட வேண்டும்.

மீன் நல்லது என்று தினமும் மீனையே போட்டால்? அதுவும் ஆகாது. கொழுப்பு மீனை மட்டுமே தின்னும் பூனைக்கு வைட்டமின் ஈ குறைந்து உடம்பின் கொழுப்பு மஞ்சளாகிப் புண்ணாகும். பூனையைத் தொட்டாலே வலியில் கத்தும். கோழி ஈரலும் இப்படித்தான். வாரத்துக்கு ஒரு சின்னத் துண்டு நல்லது. தினமும் கொடுத்தால் வைட்டமின் ஏ மிஞ்சிப்போய்க் கழுத்தெலும்பு விறைத்துவிடும். முட்டை அவித்துக் கொடுக்கலாம், பாதி போதும். பச்சை வெள்ளைக்கரு வேண்டாம். தோலுக்கு வேண்டிய பயோட்டின் என்ற சத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும்.

ராத்திரி மகன் வந்தான். செலவைக் கேட்டு முகத்தைச் சுளித்தான். பேச்சியம்மாள் நோட்டை எடுத்துக் காட்டினார். அவர் கைப்பட எழுதிய கணக்கு.

தீனி மட்டும் 5 நாள்: 5 × 22 = 110
மீன் நாள் 2: பாதித் தீனி 11, மீன் 18, ஆக 29. 2 × 29 = 58
வாரத்துக்கு 168

"இதுவரைக்கும் தினம் 200 மில்லி பால் ஊத்துனோம். 12 ரூபாய். வாரத்துக்கு 84. அது இனி இல்லை. 168-ல 84 போனா 84. இட்லியைச் சேர்க்கவே இல்லை, பாத்துக்கோ. ஒரு மூட்டை அரிசியை எலி தின்னா எவ்வளவு? நீயே சொல்லு."

மகன் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ரெண்டு மாசம் பாப்போம்" என்றான்.

இரண்டு மாதம்

தீனியை ஒரே நாளில் மாற்றவில்லை. முதல் இரண்டு நாள் பழைய சோற்றோடு கொஞ்சம். பிறகு பாதிக்குப் பாதி. பத்தாம் நாள் முழுவதும் புதுத் தீனி. மூன்றாம் நாள் வெள்ளைச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டது. செல்வி தீனியைக் கொஞ்சம் வெந்நீரில் நனைத்து வைத்தாள். மணம் வந்ததும் தின்றது. பூனை இரண்டு நாள் முழுப் பட்டினி கிடந்தால் காத்திருக்கக் கூடாது. ஈரல் கெட்டுவிடும். மருத்துவரிடம் போக வேண்டும்.

உலர் தீனி தின்கிற பூனைக்குத் தண்ணீர் அதிகம் வேண்டும். இரண்டு இடத்தில் கிண்ணம் வைத்தார்கள். சோப்புக் குளியலை நிறுத்தினார்கள். அதற்குப் பதிலாகச் செல்வி தினமும் வீட்டுக்கு வெளியே உட்கார்ந்து சீப்பால் சீவிவிட்டாள். அடுப்படிக்குப் பூனை வராமல் ஒரு பலகைத் தடுப்பு வைத்தார்கள். இதைச் சண்முகத்தாய் சொல்லாமலே முன்பே செய்திருக்கலாம்.

இரண்டு வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை. செல்வி சோர்ந்துபோனாள். பழைய மயிர் போய்ப் புது மயிர் வர வேண்டும். ஆறு முதல் எட்டு வாரம் ஆகும் என்று மருத்துவர் முதலிலேயே சொல்லியிருந்தார். பேச்சியம்மாள் நாள்காட்டியில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு கோடு போட்டார். அன்றைக்குக் கறுப்புத் துணியை விரித்து அதன்மேல் வெள்ளைச்சியை உட்கார வைத்து முதுகைத் தடவுவார்கள். நாலாவது ஞாயிற்றுக்கிழமை செதில் குறைந்தது. ஏழாவது ஞாயிற்றுக்கிழமை எண்ணிவிடலாம் போல அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தது. வால் பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் வறட்சி இருந்தது. முதுகு மயிர் கைக்கு வழுவழுப்பாகிவிட்டது.

அன்று மாலை சண்முகத்தாய் வந்தாள். கையில் ஒரு காகிதப் பொட்டலம். உள்ளே குழம்புக்கு நறுக்கியது போக மிஞ்சிய சாளைத் தலைகள்.

"மதினி, இதை உங்க பூனைக்குப் போடலாமா?"

பேச்சியம்மாள் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். "அவிச்சு, முள்ளெடுத்துப் போடணும். நாளைக்கு மீன் நாள்தான். வச்சிட்டுப் போ."